நீங்கள் ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறீர்களா?

2007-08 கல்வியாண்டு. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. நான் அப்போது வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். அறிவியலில் இளநிலைப் பட்டம், பி.எட்., பிறகு தேர்வு எழுதி நேரடி நியமனம். பி.எட். படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற நாள்களைத் தவிர, வகுப்பறையில் ஆசிரியராக நின்ற அனுபவம் எனக்கு இல்லை. அந்த நாள்களும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் கழிந்தவை.

பயிற்சியின் இரண்டாம் நாள், தேநீர் இடைவேளை முடிந்து கற்றல் ஏணியை விளக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை ஏணியில் தன் இடத்தைப் பார்க்கும், தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுக்கும், உரிய குழுவில் போய் அமரும், முடித்ததும் அடுத்த படிக்குச் செல்லும். சுவரில் ஒட்டிய தாளில் எல்லாம் அழகாக இருந்தது. அப்போது சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியை எழுந்தார். ஓய்வு பெற ஐந்தாறு ஆண்டுகளே இருந்திருக்கும்.

"மேடம், ஒரு சந்தேகம். நீங்க ஒண்ணாம் வகுப்பு எடுத்திருக்கீங்களா?"

அவர் குரலில் கிண்டல் இல்லை. அறை முழுக்க அமைதி.

"இல்லை டீச்சர்" என்றேன்.

"சரி மேடம், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேள்வியைவிட அந்தச் 'சரி'தான் என்னைக் குத்தியது. அதன் பிறகு நான் பேசியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆசிரியர் நண்பர்களே, நம்மில் பலர் இந்த அறையின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். கருத்தாளராக நின்றிருக்கிறோம், "இவருக்கு நம் வகுப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று பின்வரிசையில் முணுமுணுத்தும் இருக்கிறோம். பணியிடத்தில் ஒருவருக்குப் பயிற்சி தருபவர், அந்தப் பணியை முன்பே செய்தவராக இருந்தாக வேண்டுமா? எனக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அதில் பாதி விடையை என் அப்பா தந்தார்.

ரோலரின் சத்தம்

பிற மாவட்ட ஆசிரியர்களுக்காக நெய்வேலியைப் பற்றிச் சில வரிகள். இங்கு இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். 1957 மே மாதம் பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். பெரிய சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரம் மண்ணை வெட்டும். வெட்டிய மண்ணும் நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்களில் செல்லும். அந்தப் பெல்ட்டைத் தாங்குபவை வரிசை வரிசையான ரோலர்கள்.

அப்பா கன்வேயர் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெல்ட் ஓரமாக நடந்து போகும்போதே எந்த ரோலரின் பேரிங் கெடப்போகிறது என்று சொல்லிவிடுவார். கெட்ட ரோலரைக் கவனிக்காமல் விட்டால் அது சுழலாமல் நின்று, பெல்ட் உரசி, சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே அந்தக் காதுக்கு மதிப்பு அதிகம்.

அன்று மாலை வட்டத்து வீட்டின் முன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் பயிற்சியறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன்.

"அந்தம்மா கேட்டது நியாயந்தானேம்மா?" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா இன்னொண்ணும் இருக்கு" என்று ஒரு கதையைச் சொன்னார்.

புதிதாக வந்த பையன்களுக்கு ரோலர் சத்தத்தைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஒருமுறை அவருக்கு வந்தது. பெல்ட் ஓரமாக அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். "இதோ, இது கெட்டுப்போச்சு. கேட்குதா?" பையன்கள் தலையாட்டினார்கள். "இது நல்லா இருக்கு. வித்தியாசம் தெரியுதா?" மீண்டும் தலையாட்டினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் ஒருவனுக்கும் தெரியவில்லை. "கேட்டாலே தெரியுமேடா" என்று அப்பா கோபப்பட்டிருக்கிறார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது டிப்ளமோ முடித்த ஓர் இளைஞர் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். கன்வேயரில் ஒரு நாளும் வேலை செய்தவரல்லர். அவர் அப்பாவிடம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். அந்தச் சத்தம் விட்டுவிட்டு வருமா, தொடர்ந்து வருமா? கிரீஸ் வற்றினால் வரும் சத்தமும் பேரிங் உடைந்தால் வரும் சத்தமும் ஒன்றா? கையை வைக்காமல் வேறு எதைப் பார்த்து உறுதி செய்வீர்கள்? அப்பா முதல் முறையாகத் தன் காதுக்குள் இருந்ததைச் சொல்லாக மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு அந்த இளைஞர் கழற்றிப் போட்ட ரோலர்களில் மூன்றைப் பொறுக்கி எடுத்தார். ஒன்று நல்லது, ஒன்று கிரீஸ் வற்றியது, ஒன்று பேரிங் உடைந்தது. மூன்றையும் ஒரு சட்டத்தில் மாட்டி, பையன்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினார். ஓசையில்லாத அறையில் மூன்று சத்தங்கள். அதன் பிறகுதான் அவர்களைப் பெல்ட் ஓரத்துக்கு அனுப்பினார். பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு வேலை தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். நான் இல்லாம அவரால முடியாது, அவர் இல்லாம என்னாலயும் முடியல" என்றார் அப்பா.

தெரிந்தவருக்கு ஏன் சொல்லத் தெரியவில்லை?

அப்பாவுக்கு நேர்ந்ததை ஆய்வாளர்கள் பலவிதமாகச் சோதித்திருக்கிறார்கள். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஓர் எளிய சோதனை செய்தார. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்தில் பாடிக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று மட்டுமே. தட்டுபவரின் மனத்தில் பாட்டு முழுவதும் ஓடுகிறது. கேட்பவருக்கோ அது வெறும் தட்டல். இந்தச் சோதனையை நான் பயிற்சிகளில் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் போதும். "இது கூடவா தெரியல?" என்று தட்டியவர் பொறுமையிழக்கும் தருணத்தில் அறையே சிரிக்கும். அந்த வாக்கியத்தை நம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைக்கும்.

நேதன், பெட்ரோசினோ என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம், எந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு எளிது என்று கேட்டார்கள். கணிதத்தில் மேற்படிப்புப் படித்தவர்களே, குறியீட்டுச் சமன்பாடு எளிது, வாக்கியக் கணக்கு கடினம் என்று அதிகமாகச் சொன்னார்கள். இயற்கணிதத்தைத் தொடங்கும் மாணவர்களின் உண்மை நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. தேர்ந்தவரின் கண்ணில் இருக்கும் இந்த மறைவிடத்துக்கு அவர்கள் தனிப் பெயரே கொடுத்தார்கள்.

லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரையை நம்மில் பலர் பி.எட்.டில் படித்திருப்போம். பாடம் தெரிவது ஓர் அறிவு. பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னோர் அறிவு. இந்தப் பாடத்தை, இந்தப் பிள்ளைக்கு, எந்த எடுத்துக்காட்டால், எங்கே இடறுவான் என்று அறிந்து சொல்லத் தெரிவது மூன்றாவது அறிவு. தேர்வுக்காக நான் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதன் பொருள், மூன்று ரோலர்களின் கதையைக் கேட்டபோதுதான் புரிந்தது.

அனுபவம் தவறையும் கற்றுக்கொடுக்கும்

பிற்பாடு நான் பணிமாறுதலில் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு மாணவன், மேலே படிக்காமல் வேறு மாவட்டத்தில் ஒரு கல் கிரஷரில் உதவியாளாகச் சேர்ந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் ஒன்றுக்குக் கையொப்பம் வாங்கப் பள்ளிக்கு வந்தான். பேனாவை இடக்கையில் பிடித்தான். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம்மில் ஒட்டிய சகதியைச் சாக்குத் துணியால் துடைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். துணியோடு கை உள்ளே போயிருக்கிறது.

"யாருப்பா அப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"கூட வேலை செஞ்ச அண்ணன்தான் மிஸ். அவரு இருபது வருஷமா அப்படித்தான் துடைக்கிறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல" என்றான். அவர் மீது அவனுக்குக் கோபம்கூட இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "பெல்ட்டை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நம்ம சட்டைப்பையில வச்சுக்கிட்டுதான் கையை வைக்கணும். இருபது வருஷம் தப்பாச் செஞ்சா அது சரியாயிடுமா?" என்றார்.

அனுபவம் என்பது திறமையும் பழக்கமும் கலந்த ஒன்று. வேலையோடு சேர்த்து, குறுக்கு வழிகளையும் அது கைமாற்றிவிடும். இருபது ஆண்டுகளில் தனக்கு ஆபத்து நேராததே அந்த அண்ணனுக்குச் சான்றாகிவிட்டது. ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆகவே அவராலும் கற்பிக்க முடியவில்லை. சுரங்கங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகள் தனியே வகுக்கப்பட்டதும், வேலையில் இறங்கும் முன் முறையான பயிற்சி கட்டாயமாக்கப்பட்டதும் இதனால்தான். 'கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொள்' என்பது மட்டும் போதாது.

நம் தொழிலிலும் இது உண்டு. "பிரம்பைக் காட்டினால்தான் அடங்குவார்கள்", "கடைசி வரிசையை விட்டுவிடுங்கள், தேறாது" என்று புதிய ஆசிரியருக்கு அன்போடு சொல்லிக்கொடுத்த மூத்தவர்களை நானறிவேன். அவர்களுக்கும் அனுபவம் இருந்தது. அங்கே போனது விரல் அல்ல, ஒரு வரிசைப் பிள்ளைகளின் படிப்பு.

எந்த அனுபவம் தேவை?

அப்படியானால் அனுபவம் வேண்டாமா? அவசியம் வேண்டும். அது எந்த அனுபவம் என்று கேட்க வேண்டும். பேறுகால மருத்துவம் கற்பிக்கும் ஆண் மருத்துவர் பிள்ளை பெற்றவரல்லர். ஆனால் நூற்றுக்கணக்கான பேறுகளின்போது அருகில் நின்றவர். கற்பிக்கப்படும் வேலை எதுவோ, அந்த வேலையின் அருகில் நின்ற அனுபவம்தான் கணக்கு.

அருகில் நின்ற அனுபவமும் இடத்துக்கு இடம் மாறும். நெய்வேலியின் தொடக்க காலமே இதற்குச் சான்று. பெரிய வாளிச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962-இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைந்தது. அந்த நாடுகளுக்கு அனுபவம் நிறைய. ஆனால் இங்குள்ள மேல்மண்ணில் கடினமான மணற்கல் இருந்தது. வாளிகளின் பற்கள் விரைவில் தேய்ந்தன. வெடி வைத்து மண்ணைத் தளர்த்திய பிறகு வெட்ட வேண்டியிருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீர் மேலெழுந்துவிடாமல் இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வந்த அறிவை இந்த மண்ணுக்கு ஏற்றுக் கற்ற பிறகுதான் சுரங்கம் நிலைபெற்றது. நகரத்தில் முப்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் வெற்றி பெற்ற முறையை, ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கு அப்படியே சொல்லும்போது இந்த மணற்கல்லை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான இன்றைய விதிமுறையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பயிற்றுநராக, பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு, பட்டயம் பெற்றவருக்கு இரண்டு ஆண்டுகள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கு மூன்று ஆண்டுகள் துறை அனுபவம் வேண்டும். ஒரு தொழிற்பிரிவுக்கு இரண்டு பயிற்றுநர்கள் என்றால், ஒருவர் பட்டமோ பட்டயமோ பெற்றவராகவும், மற்றவர் சான்றிதழ் பெற்றுத் தொழிலில் இருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். இருவருமே பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். அப்பாவும் அந்த டிப்ளமோ இளைஞரும் தற்செயலாகச் சேர்ந்ததை, இந்த விதி திட்டமிட்டுச் சேர்க்கிறது.

நூறாண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் கப்பல் கட்ட ஆள்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கைதேர்ந்த தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து, கற்பிக்கும் முறையில் அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் முக்கியப் பங்காற்றிய சார்லஸ் ஆலன் 1919-இல் எழுதிய நூலில் நான்கு படிகளைச் சொன்னார்: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், எடுத்துரைத்தல், செய்ய வைத்தல், சோதித்தல். அப்பா இரண்டாம் படியை மட்டும் செய்தார். பயிற்சியறையில் நானும் இரண்டாம் படியை மட்டுமே செய்தேன். அவர் வேலை தெரிந்து செய்தார், நான் தெரியாமல் செய்தேன். முடிவு இருவருக்கும் ஒன்றுதான்.

கட்டை விரலால் மறைத்த படம்

அந்தப் பயிற்சி முடிந்த வாரம், கேள்வி கேட்ட ஆசிரியையின் பள்ளிக்கே போனேன். "டீச்சர், தினமும் காலையில் ஒன்றாம் வகுப்பை நான் எடுக்கட்டுமா? நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "வாங்க மேடம். ஆனா டீச்சரா வாங்க, பார்வையிடறவங்களா வராதீங்க."

ஆறு வாரங்கள், பிற பள்ளிப் பார்வைகளுக்கு முன் காலை வேளைகளில் அங்கே வகுப்பெடுத்தேன். முதல் நாளே என் சுவர்த்தாள் கிழிந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அட்டையை முடித்துவிட்டு "மிஸ், மிஸ்" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். தட்டுகள் கலந்துவிட்டன. ஒருத்தி அழுதாள், ஒருவன் சிறுநீர் கழிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள், முடித்த பிள்ளைகள் கீழ்மட்டக் கரும்பலகையில் தமக்குரிய கட்டத்தில் எழுதிப் பார்த்துக் காத்திருக்கலாம் என்று டீச்சர் வழி சொன்னார். எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த ஒரு வரி வகுப்பை அமைதியாக்கியது.

நான் பெருமைப்பட்ட ஒரு சிறுவன் இருந்தான். மளமளவென்று அட்டைகளைப் படித்து ஏணியில் முன்னேறிக்கொண்டிருந்தான். டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையிலிருந்த படத்தைத் தன் கட்டை விரலால் மறைத்தார். "இப்பப் படி சாமி" என்றார். சிறுவன் எழுத்தைப் பார்த்தான், டீச்சரின் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. இத்தனை நாளும் படத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனை இரண்டு வாரம் பின்னால் கொண்டுபோய் மீண்டும் தொடங்கினோம். அவர் விரல் வைக்காமல் இருந்திருந்தால், அவன் ஏணியின் உச்சிவரை ஏறி, எழுத்தறியாமலேயே இரண்டாம் வகுப்புக்குப் போயிருப்பான். முன்னேற்றப் பதிவில் என் கையொப்பம் இருந்திருக்கும்.

"டீச்சர், இது உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டேன். "தெரியல மேடம், தோணும்" என்றார். அப்பாவின் 'கேட்டாலே தெரியும்' என்ற அதே பதில். அன்று நான் அந்த டிப்ளமோ இளைஞரின் வேலையைச் செய்யத் தொடங்கினேன். எப்போது மறைப்பீர்கள்? எந்தப் பிள்ளையிடம் சந்தேகம் வரும்? வேகமாகச் சொல்பவனிடமா, அட்டையைத் தூரத்தில் வைத்தே சொல்பவனிடமா? கேட்கக் கேட்க அவருக்கே தெரியாமல் அவருக்குத் தெரிந்திருந்தவை வெளியே வந்தன. ஒரு தாளில் ஏழு குறிப்புகள் ஆயின.

அடுத்த பயிற்சியில் அந்தத் தாளோடு நின்றேன். "ஒன்றாம் வகுப்பை ஆறு வாரம் எடுத்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மீதியை டீச்சர் சொல்வார்" என்று தொடங்கினேன். அவர் என் பக்கத்தில் நின்றார். அன்று ஆசிரியர்கள் எழுதிக்கொண்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை

கருத்தாளராகச் செல்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில பரிந்துரைகள்:

1. பயிற்சி தரவிருக்கும் வகுப்பில் குறைந்தது பத்து நாள்களாவது பாடம் எடுத்துவிட்டுச் செல்லுங்கள். பார்வையிடுவது வேறு, எடுப்பது வேறு. ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்யுங்கள்; அனுபவத்துக்கும் வயதாகிறது.

2. உங்களுக்கு எவ்வளவு அனுபவம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாததைக் கேட்டறிந்து வெளிப்படும்போதுதான் மதிப்புக் குறைகிறது.

3. அந்த வகுப்பை நெடுங்காலம் எடுத்த ஒருவரை இணையாக நிறுத்திக்கொள்ளுங்கள். பேச்சை இருவரும் பங்கிடுங்கள்.

4. நேரத்தில் பாதியைச் செய்ய வைப்பதற்கும் சோதிப்பதற்கும் ஒதுக்குங்கள். தலையாட்டலைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிக்கு வரும் மூத்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுபவமில்லாத கருத்தாளர் வந்தால், அந்த ஆசிரியையைப் போல நேராகக் கேளுங்கள். பிறகு அவரைப் போலவே உங்கள் வகுப்பின் கதவையும் திறந்துவிடுங்கள்.

மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளிகளும், தொழில் வழிகாட்டலுக்கு உள்ளூர்த் தொழிலாளர்களை அழைக்கும் பள்ளிகளும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், செவிலியர், விவசாயி என யாரை அழைத்தாலும், "வந்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள்" என்று விட்டுவிட்டால் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல் நாளே அவரிடம் நான்கு கேள்விகளைக் கொடுங்கள்:

- வேலையைத் தொடங்கும் முன் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
- புதிதாக வருபவர் அடிக்கடி செய்யும் தவறு எது?
- ஏதோ சரியில்லை என்பது உங்களுக்கு எதனால் தெரிகிறது? கண்ணாலா, காதாலா, கையாலா?
- நீங்கள் செய்யும் எதைப் பிள்ளைகள் ஒருபோதும் செய்யக் கூடாது?

நான்காவது கேள்வியை எந்த நாளும் விட்டுவிடாதீர்கள். என் மாணவனுக்கு அந்தப் பதிலை யாரும் சொல்லவில்லை.

இப்போது என் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவனே வந்து பேசுகிறான். வலக்கையை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் தொடங்குவான். பேச்சுத் திறமை அவனுக்கு அதிகமில்லை. அதனால் நான் பக்கத்தில் நின்று கேள்விகளைக் கேட்கிறேன். பூட்டும் சாவியும் அவனே கொண்டுவருகிறான். பேசி முடித்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக் காட்டச் சொல்கிறான். கடைசிப் பிள்ளை செய்து முடிக்கும்வரை அவன் உட்காருவதில்லை.